நகராட்சியின் ஐந்தொகையைப் பார்க்க எனக்கு ஆன ஒன்பது மாதம்

"நிதி இல்லைம்மா" என்று எங்கள் வார்டு கவுன்சிலர் சொன்னது 2022 நவம்பர் 1-ம் தேதி. உள்ளாட்சி தினம் என்று அந்த வருடம்தான் முதன்முதலாக வார்டு வார்டாகப் பகுதி சபைக் கூட்டம் போட்டார்கள். எங்கள் வார்டுக்கு நகராட்சிப் பள்ளி வராந்தாவில் நடந்தது. முப்பது பேர் இருந்திருப்போம். பாதிப் பேர் முதியோர் பென்ஷன் மனுவோடு வந்தவர்கள். நான் கேட்டது எங்கள் தெரு வடிகாலை. நூறடி கட்டிவிட்டு ஒரு வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டார்கள். கான்கிரீட் முடிகிற இடத்தில் சாக்கடை தெருவில் இறங்கி, எதிர்வீட்டுத் திண்ணையை நனைத்துக்கொண்டு போகும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அந்த மழையில் அது வீட்டுக்குள்ளேயே போனது.

கவுன்சிலர் கெட்டவர் இல்லை. கூப்பிட்டால் போனை எடுப்பார். "எஸ்டிமேட்லாம் போட்டுத்தான் வெச்சிருக்கு. நகராட்சியில நிதி இல்ல. இன்னா பண்ணச் சொல்ற?" என்றார்.

அதே வருடம் ஏப்ரலில்தான் சொத்து வரி ஏறியிருந்தது. எங்கள் மாதிரி ஊர்களில் 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கும் மேல் 100. எங்கள் வீடு இரண்டாவது ரகம். ஒன்றரை மடங்கு வரி கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவளிடம் ‘நிதி இல்லை’ என்றால் எப்படி இருக்கும்?

நான் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் பதினேழு வருடமாக இருக்கிறேன். எங்கள் முதலாளி காசு இல்லை என்று சொன்னால் நம்பவும் மாட்டேன், சண்டை போடவும் மாட்டேன். கணக்கு மென்பொருளான டாலியைத் திறந்து பார்ப்பேன். நகராட்சிக்கும் அப்படி ஒன்று இருக்கத்தானே வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. அவ்வளவுதான் ஆரம்பம். பெரிய சமூக அக்கறை என்றெல்லாம் யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. பாலாற்றங்கரையில், பழைய வடாற்காட்டில் இருக்கும் நகராட்சிகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துக்கு நகராட்சி என்பது புதுச் சங்கதியே இல்லை. வாலாஜாபேட்டை 1866-லேயே நகராட்சி. அப்போதிருந்து எத்தனை பேரேடு எழுதியிருப்பார்கள்! அதில் ஒரே ஒரு வருடத்தைப் பார்க்க நான் பட்ட பாடுதான் இது.

முதலில் இணையதளத்தைப் பார்த்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவில், யாரும் கேட்காமலே ஒவ்வொரு அலுவலகமும் வெளியிட வேண்டியவை என்று 17 இனங்கள் சொல்லியிருக்கிறார்கள். பட்ஜெட்டும் அதில் ஒன்று. எங்கள் நகராட்சிப் பக்கத்தில் அந்தத் தலைப்பைத் தட்டினால் ஒரு பிடிஎஃப் இறங்கியது. அதில் ஆணையர் என்று போட்டிருந்தவர் போய் அதற்குப் பிறகு மூன்று ஆணையர்கள் வந்துவிட்டார்கள். வரவு செலவு என்ற இடத்தில் ஒரு பட்டியல் இருந்தது. எந்த வருடத்துக்கு என்று போடவில்லை.

சரி, மனு போடுவோம் என்று 2023 ஜனவரியில் இறங்கினேன். கட்டணம் 10 ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்பாக ஒட்டலாம். கோர்ட் வாசலில் முத்திரைத்தாள் விற்கிறவரிடம் அன்றைக்கு இரண்டு ரூபாய் வில்லைதான் இருந்தது. ஐந்தை வரிசையாக ஒட்டினேன். பார்க்க ஏதோ சொத்து வழக்கு மாதிரி இருந்தது. வெள்ளைத்தாளில் மூன்று கேள்வி. நமது நகராட்சியின் நிதி நிலைமை எப்படி உள்ளது? வரி உயர்த்திய பிறகும் நிதி இல்லாததற்குக் காரணம் என்ன? எங்கள் தெரு வடிகால் ஏன் முடிக்கப்படவில்லை?

முப்பது நாளைக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். இருபத்தொன்பதாம் நாள் வந்தது. தாங்கள் கோரியவை கேள்வி வடிவில் உள்ளன, ஆவணமாக இல்லாத ஒன்றை உருவாக்கித் தர இயலாது என்று நான்கு வரி.

அன்றைக்கு முழுக்க அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். ராத்திரி படுத்து யோசித்தால் அவர்கள் சொன்னது சரிதான். பதிவேட்டில் இருப்பதைத்தான் அந்தச் சட்டத்தில் வாங்க முடியும். ‘ஏன்’ என்பதற்குப் பதிவேடு இல்லை. எங்கள் கம்பெனிக்கு வருகிற ஆடிட்டர் என்னிடம் "கம்பெனி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனதே இல்லை. லெட்ஜரை எடு, பேங்க் ஸ்டேட்மென்டை எடு, பாக்கிப் பட்டியலை எடு என்பார். தொழிலே அதுவாக இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

எந்த ஆவணம், அதன் பெயர் என்ன, எந்த வருடம்? இது தெரியாமல் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. எங்கள் தெருக்கோடியில், வேறொரு ஊர் நகராட்சியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மாமி காபி கொடுத்தார். பெரியவர் என் மனுவையும் பதிலையும் படித்துவிட்டுச் சிரித்தார்.

"பட்ஜெட்டைக் கேக்காதம்மா. அது கல்யாணப் பத்திரிகை மாதிரி. பந்தியில இன்னா போட்டாங்கன்னு அதுல இருக்காது."

பிறகு ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எழுதிக் காட்டினார். நகராட்சிக்கு ஒரு உண்டியல் இல்லை, மூன்று உண்டியல். வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி. மூன்றுக்கும் கணக்கு தனித்தனி. பழைய காலத்தில் ரொக்கம் வந்தது போனதை மட்டும் எழுதுவார்கள். 2000-ம் வருட வாக்கில் தமிழ்நாட்டு நகராட்சிகள், ஒவ்வொன்றையும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவுக்கு மாறிவிட்டன. ஆகவே வர வேண்டியது, தர வேண்டியது எல்லாம் ஐந்தொகையில் வந்தே தீரும். சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று காட்டும் தாள் அது; இருப்புநிலைக் குறிப்பு என்று பாடப்புத்தகத்தில் சொல்வதைத்தான் அவர் ஐந்தொகை என்கிறார். எனக்கும் அந்தச் சொல்தான் பிடித்திருக்கிறது.

"அட்டவணைங்களோட கேளு. வெறும் ஐந்தொகைன்னு கேட்டா ஒத்தைத் தாளைக் குடுத்து அனுப்பிடுவாங்க. விஷயமெல்லாம் அட்டவணையிலதான் இருக்கும்" என்றார். இன்னொன்றும் சொன்னார். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை தமிழ்நாட்டில் எந்த நகராட்சியிலும் கவுன்சிலர்களே கிடையாது, தனி அலுவலர் ஆட்சிதான். அந்த வருடக் கணக்குகளை மன்றத்தில் எழுந்து கேட்க ஆளே இல்லை. "அதுனால அதையே கேளு" என்றார். கண்ணில் ஒரு குறும்பு.

இரண்டாவது மனு மார்ச் 6-ம் தேதி பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு போனது. இதில் கேள்விக்குறியே இல்லை. 2020-21-ன் தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கு, மூன்று நிதிகளுக்கும், எல்லா அட்டவணைகளுடன். 2021-22-ன் தணிக்கைக்கு முந்தைய கணக்கு. அதே வருடத்தின் சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை கேட்பு வசூல் நிலுவைப் பட்டியல். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் கடைசித் தணிக்கை அறிக்கை. மின் கட்டணத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் பாக்கி எவ்வளவு என்று காட்டும் பதிவேட்டுப் பக்கம். இவற்றின் கோப்புகளை நேரில் பார்வையிட அனுமதி. எதற்காகக் கேட்கிறேன் என்று எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. 6(2)-வது பிரிவு அதைக் கேட்கவே கூடாது என்கிறது.

ஒப்புகை அட்டை சீல் குத்தித் திரும்பி வந்தது. அப்புறம் சத்தமே இல்லை. முப்பது நாள் போனது. போன் செய்தால், "மார்ச் முடிஞ்சு கணக்கு முடிக்கிற நேரம் மேடம்" என்றார்கள். எங்கள் கம்பெனியிலும் ஏப்ரல் மாதம் அப்படித்தான் ஓடும், அதனால் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. இன்னொரு தடவை கேட்டதற்கு, "2020-21-க்கு ஆடிட்டே இன்னும் முடியல, எப்படித் தர முடியும்?" என்றார் ஒருவர்.

இந்த இடத்தில்தான் எதிர்பாராமல் ஒன்று கிடைத்தது. எங்கள் ஆபீசுக்கு சி.ஏ. படிக்கிற பையன் ஒருவன் ஆடிட்டரோடு வருவான். நான் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "அக்கா, அது சிட்டி ஃபைனான்ஸ் தளத்துல இருக்குமே" என்றான். மத்திய வீட்டுவசதி நகர்ப்புற அமைச்சகம் நடத்தும் தளம். ஊர்ப் பெயரை அடித்தான். எங்கள் நகராட்சி வந்தது. 2020-21, தணிக்கை செய்யப்பட்டது. ஆங்கிலத்தில், ஸ்கேன் பக்கவாட்டில் சாய்ந்து, சில எண்களில் பேனா மை ஊறி. ஆனால் இருந்தது!

அது ஏன் அங்கே இருக்கிறது என்பதையும் அவன்தான் சொன்னான். மத்திய அரசின் நிதியைப் பங்கிடச் சொல்லும் நிதிக்குழுவில், 2021 முதல் 2026 வரைக்கான 15-வது குழு, நகர உள்ளாட்சிகளுக்கான மானியத்துக்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தது. முந்தைய வருடத்தின் தணிக்கைக்கு முந்தைய கணக்கும், அதற்கும் முந்தைய வருடத்தின் தணிக்கை செய்த கணக்கும் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும். முதல் இரண்டு வருடம் ஒரு மாநிலத்தில் கால்வாசி நகரங்கள் ஏற்றியிருந்தால் போதும். 2023-24 முதல் ஏற்றிய நகரங்களுக்கு மட்டும்தான் மானியம். ஆக, டெல்லிக்கு முடிந்துபோன தணிக்கை உள்ளூர்க்காரிக்கு மட்டும் முடியாமல் இருந்திருக்கிறது.

அங்கே இருந்தவை சுருக்கத் தாள்களும் சில அட்டவணைகளும்தான். எனக்கு வேண்டிய பாக்கிப் பட்டியல்கள் அதில் இல்லை. இருந்தாலும் பிரின்ட் எடுத்து ஃபைலில் வைத்தேன்.

ஏப்ரல் 24-ம் தேதி முதல் மேல்முறையீடு. இதற்குக் கட்டணம் கிடையாது. எங்கள் நகராட்சியில் பொதுத் தகவல் அலுவலர் மேலாளர், மேல்முறையீட்டு அலுவலர் ஆணையர். பதில் வராவிட்டால், முப்பதாம் நாள் முடிந்து அடுத்த முப்பது நாளைக்குள் போட்டுவிட வேண்டும். பலர் இதைத்தான் தவறவிடுகிறார்கள் என்று பெரியவர் முன்பே எச்சரித்திருந்தார். ஆணையர் முப்பது நாளில், மிஞ்சினால் 45 நாளில் முடிக்க வேண்டும். என்னை விசாரணைக்குக் கூப்பிட்டது 43-ம் நாள்.

ஜூன் 6. அரை நாள் லீவு போட்டேன். ஆணையர் அறை வெளியே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம். என் பக்கத்தில் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரைத் திருத்த வந்த ஒரு பாய், எதிரே வரைபட அனுமதிக்கு ஒரு இன்ஜினியர். உள்ளே போனதும் கணக்குப் பிரிவுக்காரர் அதே பாட்டைப் பாடினார்: தணிக்கை நிலுவையில் உள்ளது, ஐயா.

நான் ஒன்றும் பேசவில்லை. பிரின்டை மேஜைமேல் வைத்தேன். ஆணையர் ஒரு பக்கம் திருப்பினார். தலையைச் சாய்த்து அந்தச் சாய்ந்த எண்களைப் படித்தார். தாளைச் சுற்றிக் கணக்குப் பிரிவுக்காரர் பக்கம் வைத்தார். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அவங்களுக்குக் கோப்பைக் காட்டிடுங்க. வேணுங்கறதுக்கு நகல் குடுத்துடுங்க" என்றார். மொத்தம் ஏழு நிமிடம் இருக்கும். உத்தரவு தபாலில் வர இன்னும் இரண்டு வாரம் ஆனது, அது வேறு.

கோப்புப் பார்த்த நாள் ஜூலை 13. முதல் ஒரு மணி நேரம் இலவசம். ஒரு முழு நாள் லீவு, ஒரு ஸ்கேல், பென்சில், கால்குலேட்டர், தயிர்சாதம். கணக்குப் பிரிவில் இளநிலை உதவியாளராக ஒரு பெண், புதுசு. முதலில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். நான் தேய்மான அட்டவணையைத் திருப்பி, "இந்த வருஷம் ரோடுக்கு எத்தனை பர்சன்ட் போட்டீங்க?" என்று கேட்டதும் திரும்பிப் பார்த்தாள். "அக்கா அக்கவுன்ட்ஸா?" அதற்குப் பிறகு ஒரே நேசம். கட்டை அவிழ்ப்பது, தூசி தட்டுவது, எந்தத் தாள் எந்தக் கட்டில் என்று காட்டுவது எல்லாம் அவள்தான்.

படித்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மற்ற ஊர்க்காரர்களுக்கு உதவும்.

முதலில் வருமான செலவுக் கணக்கு. கீழே பெரிய பற்றாக்குறை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் பார்த்தால் அதில் பெரும்பகுதி தேய்மானம். சாலை, கட்டடம், தொட்டி எல்லாவற்றுக்கும் வருடா வருடம் கழிக்கிறார்கள்; அது கைக்காசு போனது இல்லை. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் வருவாய் நிதி மயிரிழையில் ஓடுகிறது. தேய்மானத்தைக் காட்டி ‘நகராட்சி திவால்’ என்று வாட்ஸ்அப்பில் போடுகிறவர்களும் உண்டு, அது தப்பு.

அடுத்து வங்கி இருப்பு. இதில் நேர் எதிர். தொகை பெரிதாக இருந்தது. இவ்வளவு வைத்துக்கொண்டா நிதி இல்லை என்கிறார்கள் என்று பல்லைக் கடித்தேன். ஆனால் எதிர்ப்பக்கம், தர வேண்டியவற்றின் அட்டவணையைப் பிரித்தால், அதில் பாதிக்கு மேல் நகராட்சியின் காசே இல்லை. கடைக்காரர்கள் கட்டிய வைப்புத் தொகை, ஒப்பந்ததாரர்களின் டெபாசிட், செலவாகாத திட்ட மானியம். 15-வது நிதிக்குழு மானியத்தில் எங்கள் அளவு ஊர்களுக்கு 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும். மீதி 40-லும் சம்பளம் போடக் கூடாது என்று இருந்தது. காசு இருக்கிறது, தொட முடியாது. சீட்டுப் பணத்தை வீட்டில் வைத்திருக்கிற ஏஜென்ட் நிலைமை. வங்கி இருப்பை மட்டும் பார்த்துக் கோபப்படுவதும் பற்றாக்குறையை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் ஒன்றுதான்.

கேட்பு வசூல் நிலுவைப் பட்டியல்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதில் பூச்சு வேலை குறைவு. இந்த வருடம் இவ்வளவு கேட்டோம், இவ்வளவு வந்தது, இவ்வளவு நிற்கிறது. சொத்து வரியில் எங்கள் ஊர்க்காரர்கள் மோசமில்லை. நானும் அக்கம்பக்கமும் ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறோம். குடிநீர்க் கட்டணம் சுமார். கடை வாடகைக்கு வந்தேன். பேருந்து நிலையத்திலும் மார்க்கெட்டிலும் இருக்கும் நகராட்சிக் கடைகள். அதன் நிலுவை, ஒரு வருட வாடகைக் கேட்பைவிட அதிகம். ஸ்கேலை வைத்து அந்த வரியை மறுபடி படித்தேன். சரிதான்.

யார் யார் பாக்கி என்று கேட்டேன். பிரிவு கண்காணிப்பாளர் வந்து, அது தனிநபர் தகவல், சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவின்படி தர முடியாது என்றார். வாதாடவில்லை. "பேர் வேணாம் சார். கடை எண், மாத வாடகை, எத்தனை மாசம் பாக்கி. இது மூணு போதும்" என்றேன். யோசித்துப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு இனத்துக்கு மட்டும் சென்னைக்கு, தகவல் ஆணையத்துக்கு, 90 நாள் கெடுவுக்குள் இரண்டாம் மேல்முறையீடு போட்டிருக்கிறேன். எண் வந்திருக்கிறது. நாள் வரவில்லை.

அப்புறம் தர வேண்டிய பாக்கிகள். மின் கட்டணமும் குடிநீர் வடிகால் வாரியமும் முதல் இரண்டு இடம். எதிர்பார்த்ததுதான், தெருவிளக்கும் பம்பும் ஓடாமல் ஊர் இருக்காது. மாநில நிதிக்குழு மானியம் முழுசாக வருவதில்லை, பழைய கடன், ஓய்வூதியம் என்று பிடித்தம் போகத்தான் வருகிறது என்பதும் அங்கேதான் தெரிந்தது.

மூன்றாவது இடத்தில் இருந்ததைப் பார்த்துத்தான் பென்சிலைக் கீழே வைத்தேன். நூலக வரி. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி என்று நம் எல்லோரிடமும் வாங்குகிறார்கள். 1948-ம் வருட நூலகச் சட்டத்தின் ஏற்பாடு. நகராட்சி அதை வசூல் மட்டும்தான் செய்கிறது. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் நகராட்சி வாங்கி வைத்துக்கொண்டு கொடுக்கவில்லை. வருடக் கணக்காக. எங்கள் கிளை நூலகத்தில் மழைக்காலத்தில் தினசரி போடும் மேஜையை நகர்த்தி, ஒழுகுகிற இடத்தில் நீலக்கலர் பக்கெட் வைத்திருப்பார்கள். அந்த பக்கெட்டை எத்தனை தடவை தாண்டிப் போயிருக்கிறேன்.

தணிக்கை அறிக்கையிலும் அதே நூலக வரி ஒரு பத்தியாக இருந்தது. கடை வாடகை இன்னொரு பத்தி. தணிக்கைத் துறை எழுதாமல் இல்லை, அழகாகத்தான் எழுதுகிறது. முந்தைய வருட அறிக்கையிலும் அதே பத்தி, அதே வாசகம், தொகை மட்டும் கூட. தீர்வாகாத பத்திகள் என்று பின்னால் ஒரு தொடர் பட்டியல். சிலவற்றுக்கு நான் ஸ்கூலில் படித்த வயது.

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது மணி இரண்டரை. ஒப்பந்ததாரர்களுக்குச் செலுத்த வேண்டியது என்ற அட்டவணை மிச்சம் இருந்தது. சும்மா விரலை ஓட்டிக்கொண்டு வந்தேன். நாலாவது பக்கத்தில் எங்கள் தெருப் பெயர். மழைநீர் வடிகால் அமைக்கும் பணி, முதல் பகுதிப் பட்டியல். முடித்த நூறடிக்கான பில் அது. பாஸ் ஆகி, காசு கொடுக்கப்படாமல், பாக்கியில் நிற்கிறது. ஒப்பந்ததாரர் ஏன் அந்த வாசலோடு நின்றுபோனார் என்பதை ஒரு மனுஷனும் எனக்குச் சொல்லவில்லை. ஐந்தொகை சொன்னது.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது எங்க தெருடா" என்றேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி நாலு பக்கம் இருக்குக்கா" என்றாள்.

நகல் கதை சின்னது. நான் குறித்துக் கொடுத்தது 146 பக்கம். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்று 292 ரூபாய் கட்டச் சொன்னார்கள். கெடுவுக்குள் தராமல் விட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்கிற 7(6)-ஐ எடுத்துக் காட்டினேன். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, "சரி மேடம், ஃப்ரீதான். ஆனா ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர்" என்றார்கள். மெஷின் எப்போது சரியாகும் என்று கேட்டேன். மேலே பார்த்தார்கள். கடைசியில் அலுவலக உதவியாளர் ஒருவரோடு எதிர்க்கடைக்குப் போய், பக்கம் ஒரு ரூபாய்க்கு நானே எடுத்தேன். சட்டப்படி சண்டை போட்டிருக்க வேண்டும். மணி நாலே முக்கால், ஐந்தரைக்குப் பஸ். கடைக்கார பாய் அட்டவணைகளைப் பார்த்துக்கொண்டே, "இன்னாமா இது, முன்சிபால்டி கணக்கா? நம்ம கடை பாக்கி இதுல வருமா?" என்று கேட்டுவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அந்தக் கடை நகராட்சிக் கடை.

உண்மை நகல் என்று ஒவ்வொரு பக்கத்திலும் சீலும் கையெழுத்தும் வாங்க ஆகஸ்ட் முதல் வாரம் ஆகிவிட்டது. சீல் இல்லாத நகலை எங்கேயும் காட்ட முடியாது, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு செட்டைப் பெரியவரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்துப் படித்துவிட்டு ஓரங்களில் பொடி எழுத்தில் குறிப்பு போட்டுத் தந்தார். ஓர் இடத்தில், கல்வி நிதியிலிருந்து வருவாய் நிதிக்குக் கைமாற்று போனதை வட்டம் போட்டு, ‘திரும்பவில்லை’ என்று எழுதியிருந்தார். நான் அதைக் கவனிக்கவே இல்லை. பதினேழு வருட அனுபவம்!

இன்னொரு செட்டைக் கவுன்சிலருக்கு எடுத்துப் போனேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தார் போல, நாற்காலி போடச் சொல்லிவிட்டு எழுந்தே நின்றார். எங்கள் தெரு வரியைக் காட்டினேன். நூலக வரியைக் காட்டினேன். கடை வாடகையைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"எங்களுக்கு மன்றத்துல அஜெண்டாதாம்மா வரும். இந்தப் பொருளுக்கு இவ்ளோ செலவு, அனுமதிக்கலாம்னு இருக்கும். கையைத் தூக்கிட்டு வந்துடுவோம். இதெல்லாம் நான் பாத்ததே இல்ல" என்றார். நான் நம்பினேன்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் கடை வாடகை பற்றி அவர் எழுந்து கேட்டார் என்று கேள்விப்பட்டேன். மேலும் இரண்டு கவுன்சிலர்கள் அவரோடு சேர்ந்துகொண்டார்களாம். நடவடிக்கை எடுக்கப்படும் என்று பதிலாம். வடிகால் இன்னும் அதே வாசலோடு நிற்கிறது. ஒப்பந்ததாரருக்குப் பாதிப் பணம் வந்ததாக எதிர்வீட்டுக்காரர் சொல்கிறார். தாளில் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன்.

போன வாரம் கவுன்சிலர் போன் செய்தார். வேறு வார்டு ஆள் ஒருவர் அவர் வார்டுப் பள்ளிக் கட்டடம் பற்றி மனு போட வேண்டுமாம், அந்த ஆவணங்களின் பெயரெல்லாம் எழுதிய என் மனுவின் நகல் கிடைக்குமா என்று கேட்டார். தருகிறேன் என்றேன்.

"பக்கத்துக்கு ரெண்டு ரூபா தரணுமாம்மா?" என்றார்.

ஒரு ரூபாய்தான் ஆனது, பாய் கடையில், என்றேன்.